கெச்சிகன் மழையும் ஒரு பழைய கடனும்

உல்லாசக் கப்பற் பயணத்தைப் பற்றி எழுத எனக்குப் பெரிய தகுதி எதுவும் இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். என் ஆயுளில் நான் ஏறிய கப்பல்கள் மூன்று. முதலாவது, தலைமன்னாருக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையில் ஓடிய 'இராமானுஜம்'. இரண்டாவது, யாழ்ப்பாணத்துக்கான தரைப்பாதை மூடுண்டு கிடந்த தொண்ணூறுகளின் பிற்பகுதியில், காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலைக்கு எங்களை ஏற்றிச் சென்ற கப்பல். அதிலே அனுமதிப் பத்திரத்தை நெஞ்சோடு அணைத்தபடி, ஒருவர் மடியில் மற்றவர் வாந்தியெடுத்துக் கொண்டு விடியும்வரை இருந்தோம். 'கப்பற் பயணம்' என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் அந்த மணம்தான் நினைவுக்கு வரும்.

மூன்றாவது கப்பல் 2024 ஆகஸ்ட் மாத முற்பகுதியில் வாய்த்தது. ரொறன்ரோவில் வசிக்கும் மகளும் மருமகனும் எங்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு வன்கூவர் வரை பறந்து, அங்கிருந்து ஏழு நாள் அலாஸ்காப் பயணத்துக்குப் பதிவு செய்திருந்தார்கள். ஏறத்தாழ இரண்டாயிரம் பயணிகள். எந்நேரமும் சாப்பாடு. கப்பலின் பின்புறத்திலே பஹாமாஸ் கொடி. அமெரிக்க மாநிலத்தைப் பார்க்கக் கனடாவில் ஏன் ஏற வேண்டும் என்று மருமகனிடம் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. எனக்கு ஓரளவு தெரியும். வெளிநாட்டுக் கொடியுடைய கப்பல் இரு அமெரிக்கத் துறைமுகங்களுக்கிடையே ஆட்களை ஏற்றி இறக்கக் கூடாதென்று அமெரிக்கா 1886 இல் ஒரு சட்டம் இயற்றியது. பெரிய உல்லாசக் கப்பல்கள் பெரும்பாலும் பஹாமாஸ், பனாமா, பெர்மியூடா கொடிகளின் கீழ் ஓடுபவை. ஆகையால் ஒன்றில் கனடாவில் புறப்பட வேண்டும், அல்லது இடையிலே கனடாவைத் தொட்டுவிட்டுப் போக வேண்டும். ஊழியர் சட்டமும் வரியும் ஒரு நாட்டுடையவை, பயணிகள் இன்னொரு நாட்டவர், பார்க்கும் ஊர் மூன்றாவது நாட்டிலே என்றிருக்கும் இந்த ஏற்பாட்டை மனதில் வைத்துக்கொள்ளுமாறு வாசகரைக் கேட்டுக்கொள்கிறேன்.

மூன்றாம் நாட் காலை கெச்சிகன் என்ற ஊரில் கப்பல் கட்டியது. அறைக்குச் சன்னல் இல்லாதபடியால் மழை பெய்வது எங்களுக்குத் தெரியவில்லை. மேல்தளத்துச் சாப்பாட்டு மண்டபத்துக்கு வந்த பிறகே பார்த்தோம். மலையும் இல்லை, ஊரும் இல்லை, எல்லாம் ஒரே சாம்பல் நிறம். இறங்கலாமா விடலாமா என்று மேசைக்கு மேசை விவாதம் நடந்துகொண்டிருந்தது.

"அப்பா, இந்த மழைக்குள்ளை எங்கை போறது? நனைஞ்சு காய்ச்சல் வந்தால் மிச்ச நாலு நாளும் அறைக்குள்ளைதான் கிடக்க வேணும்" என்றாள் மகள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. மேலும், கப்பலுக்குள்ளேயே வெந்நீர்த் தொட்டி, நாடகம், சூதாட்டம் (துறைமுகத்தில் நிற்கும்போது அதை மூடிவிடுகிறார்கள்), ஐஸ்கிறீம் என்று எல்லாம் இருந்தன.

எங்களுக்குக் கோப்பி ஊற்றிய பணியாளர் ஜாவாவைச் சேர்ந்தவர். ஊரில் பார்க்கத்தக்கது என்ன இருக்கிறது என்று அவரிடம் கேட்டேன். தான் இந்த ஊருக்கு முப்பது தடவையளவில் வந்திருப்பதாகவும், இணையத் தொடர்பு கிடைக்கும் ஒரு மூலையும் சவர்க்காரம் வாங்கும் கடையும் மட்டுமே தெரியும் என்றும் சிரித்துக்கொண்டு சொன்னார். கப்பற் பணியாளருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது பத்து மணி நேர ஓய்வு வேண்டும் என்று 2006 இல் இயற்றி 2013 இல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் சமவாயம் கூறுகிறது. அந்தப் பத்து மணிக்குள் உறக்கமும் குளிப்பும் சலவையும் போக மிஞ்சும் நேரத்தில் ஒருவர் எவ்வளவு தூரம் நடந்து ஊர் பார்க்க முடியும்?

எனக்கு ஒரு பழைய வழக்கம் உண்டு. எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர்ப் பத்திரிகையை வாங்கிவிட வேண்டும். மொழி தெரியாவிட்டாலும் வாங்குவேன். மரண அறிவித்தலுக்கு எவ்வளவு இடம், விளம்பரத்துக்கு எவ்வளவு இடம் என்று பார்த்தாலே ஊரின் நாடி பிடிபட்டுவிடும். ஆகவே மனைவியையும் மகள் குடும்பத்தையும் ஐஸ்கிறீமிடம் ஒப்படைத்துவிட்டுக் கடன் வாங்கிய மழையங்கியோடு தனியே இறங்கினேன்.

அன்று கெச்சிகனில் எங்களதோடு நான்கு கப்பல்கள் நின்றன. ஊரின் சனத்தொகை எட்டாயிரத்தை ஒட்டியது. நான்கு கப்பலிலிருந்தும் எல்லோரும் இறங்கினால் ஊராரைவிட விருந்தாளிகள் அதிகம். மழையானபடியால் இறங்கியவர்களிலும் பெரும்பகுதியினர் இறங்குதுறைக்கு எதிரேயுள்ள இரண்டு மூன்று தெருக்களில் கடைத் தாழ்வாரங்களுக்குள் ஒதுங்கினார்கள். அந்தத் தெருக்களில் வரிசையாக இருப்பவை நகைக் கடைகள்.

அலாஸ்காவில் வைரம் விளைவதில்லை. அங்கே கூவிக் கூவி விற்கும் 'தன்சனைட்' என்ற நீலக்கல் உலகிலேயே தன்சானியாவின் வடக்கில் ஒரு சிறு பகுதியில் மட்டும் கிடைப்பது. கண்ணாடிப் பெட்டியொன்றில் 'சிலோன் நீலம்' என்ற அட்டையும் இருந்தது. இரத்தினபுரிக் கல்லை அலாஸ்காவிலே விலை கேட்கும் பாக்கியம் எனக்குக் கிட்டியது. கடையில் நின்ற இளைஞர் மும்பைக்காரர். கோடையில் இங்கே, மாரியில் கரீபியன் தீவொன்றில் இதே வேலை என்றார். ஊர்ப் பத்திரிகை எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். அப்படியொன்று இருப்பதாகத் தான் அறியவில்லை என்று மரியாதையாகச் சொன்னார். அடுத்த இரண்டு கடைகளிலும் அதே பதில். இவற்றில் பல கடைகள் கப்பற் பருவம் முடிந்ததும் பூட்டிக்கொள்பவை, வெளியூர் முதலாளிகளுடையவை என்று பின்னர் அறிந்தேன். அந்தத் தெருவிலே ஊரைப் பற்றி ஊர்க்காரரிடம் கேட்பது அவ்வளவு இலகுவான காரியமல்ல.

இறங்குதுறையருகே ஆள் உயரத்துக்கு மேலே ஒரு மழைமானி நாட்டியிருக்கிறார்கள். மழைக்கு அவர்கள் வைத்திருக்கும் செல்லப்பெயர் 'திரவ வெயில்'. ஆண்டுக்கு 150 அங்குலத்துக்குக் கிட்டிய மழை. யாழ்ப்பாணத்தைப் போல மூன்று மடங்கு. 1949 இல் 202 அங்குலத்தைத் தாண்டிப் பெய்ததையும் அந்த மானியிலே பெருமையோடு குறித்திருக்கிறார்கள். குடை பிடிப்பவர் பயணி, பிடிக்காமல் நடப்பவர் ஊரவர் என்ற அடையாளம் எனக்கு அரை மணி நேரத்தில் பிடிபட்டது. குடை இல்லாத ஒரு முதியவரின் பின்னால் நடந்து போய், கப்பல் கண்ணுக்கு மறைகிற இடத்தில் ஒரு பலசரக்குக் கடையைக் கண்டேன். பத்திரிகை அங்கே இருந்தது.

கடைக்காரப் பெண்மணியோடு சிறிது நேரம் கதைத்தேன். முன்பு இந்த ஊருக்குச் சோறு போட்டவை மீனும் மரமும். சால்மன் மீனைத் தகரத்தில் அடைக்கும் தொழிற்சாலைகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வந்தன. காகிதக் கூழ் ஆலை 1954 இல் தொடங்கி 1997 இல் மூடப்பட்டது. அதன்பின் கப்பலைத் தவிர வேறு பெரிய பிடி இல்லை. ஆலை இருந்த குடாவிலேயே இப்போது கப்பல்களுக்கு ஒரு புதிய இறங்குதுறை கட்டி, 2021 இலிருந்து அங்கேயும் வந்து நிற்கின்றன. 2020 இல் கொரோனாவினால் கனடா தன் துறைகளை மூட, அந்த 1886 ஆம் ஆண்டுச் சட்டமும் சேர்ந்துகொள்ள, பெரிய கப்பல் ஒன்றுகூட வரவில்லை. அந்தக் கோடையில் தெருவில் நின்று பறவைச் சத்தம் கேட்டோம், ஆனால் வாடகை கட்டக் காசில்லை என்று அவர் சொன்னதில் இரண்டு பாதியும் உண்மை என்று எனக்குப் பட்டது. கப்பலே வேண்டாம் என்பவர்கள் இரண்டாம் பாதியை மறக்கிறார்கள். கப்பல்தான் வாழ்வு என்பவர்கள் முதற் பாதியைக் கேட்பதேயில்லை.

ஊரின் நடுவே ஓடும் ஓடையின் பாலத்தில் சிறிது நேரம் நின்றேன். ஓடைக்கு மேலே மரக்கால்களில் கட்டிய பழைய வீடுகள், இன்று கடைகளாகிவிட்ட பழைய விலைமாதர் தெரு. கீழே சால்மன் மீன்கள் ஆயிரக்கணக்கில் நீரை எதிர்த்து ஏறிக்கொண்டிருந்தன. எங்கள் ஊரில் 'ரின் மீன்' என்று வாங்கிய மீன் தகரத்துக்கு வெளியே உயிரோடு இருந்ததை அன்றுதான் கண்டேன்.

பலசரக்குக் கடைப் பெண்மணி ஒரு நகரப் பேருந்தைக் காட்டி, நேரம் இருந்தால் சக்ஸ்மனுக்குப் போய்வரும்படி சொன்னார். அது கெச்சிகனுக்குத் தெற்கே இரண்டரை மைலில் உள்ள கிளிங்கிட் இனப் பழங்குடியினரின் ஊர். அங்கே ஒரு புல்வெளியைச் சுற்றிக் குலக்குறிக் கம்பங்களை நிறுத்தியிருக்கிறார்கள். காகம், கரடி, திமிங்கிலம் என்று ஒன்றன்மேல் ஒன்றாகச் செதுக்கிய தேவதாரு மரங்கள். கைவிடப்பட்ட பழைய ஊர்களிலிருந்து 1930 களின் பிற்பகுதியில் அரச வேலைத்திட்டமொன்றின் கீழ் கொண்டுவந்து சேர்த்தவையும், அவற்றைப் பார்த்துப் புதிதாகச் செதுக்கியவையும் இவை.

இவற்றுள் ஒரு கம்பம் ஏறக்குறைய மொட்டையாக நிற்கிறது. உச்சியில் மட்டும் ஒரு பெட்டியின் மேல் ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார். மூக்கிலும் காதிலும் சிவப்புச் சாயம். அவர் வில்லியம் சிவார்ட். 1867 இல் ரஷ்யாவிடமிருந்து 72 இலட்சம் டொலருக்கு அலாஸ்காவை அமெரிக்காவுக்கு வாங்கிக் கொடுத்த இராஜாங்கச் செயலாளர். பதவியை விட்டபின் 1869 இல் அவர் இந்தப் பக்கம் வந்தார். கிளிங்கிட் தலைவர் ஒருவர் அவரை அழைத்து, தங்கள் முறைப்படி பெருவிருந்து வைத்துப் பரிசில்களும் வழங்கினார். இந்த விருந்துக்கு ஒரு நியதி உண்டு. பெற்றவர் ஒருநாள் திருப்பிச் செய்ய வேண்டும். எங்கள் கலியாண வீடுகளில் மொய் எழுதிய கொப்பியைப் பார்த்துப் பதிலுக்குச் செய்யும் வழக்கத்தை அறிந்தவருக்கு இது விளங்கும். சிவார்ட் திருப்பிச் செய்யவில்லை. ஒருவேளை அப்படியொரு நியதி இருப்பதே அவருக்குத் தெரியாதிருக்கலாம். அந்தக் குலத்தார் காத்திருந்து பார்த்துவிட்டு, 1880 களில் கடனை ஊரறியச் சொல்லும் கம்பமொன்றை நாட்டினார்கள். அது நைந்துபோக இன்னொன்று செய்தார்கள். அதுவும் நைந்துபோக 2017 இல் மூன்றாவதைச் செதுக்கி நிறுத்தினார்கள். மரம் உக்கிப் போனாலும் கடன் உக்கவில்லை.

என்னோடு அந்தப் புல்வெளியில் இருபது பேரளவில் நின்றிருப்பார்கள். மழைத்துளி சிவார்டின் சிவப்பு மூக்கிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. நான் கணக்குப் பார்த்தேன். பத்திரிகை, பேருந்து, ஒரு கோப்பை கோப்பி, இந்தப் புல்வெளிக்கான நுழைவுக் கட்டணம். என் கையிலிருந்து அந்த ஊருக்குப் போனது இருபது டொலரளவில்தான். என் மகள் இந்தப் பயணத்துக்குக் கொடுத்த தொகையை இங்கே எழுதினால் அவள் கோபிப்பாள். அதன் பெரும்பகுதி இந்தக் கரையைத் தொடாமலே வேறெங்கோ போய்விட்டது.

முற்றாக ஒன்றும் கிடைப்பதில்லை என்று சொல்வது பொய். 2006 இல் அலாஸ்கா மக்கள் வாக்களித்துக் கப்பற் பயணிகள் மீது தலைவரி ஒன்றைக் கொண்டுவந்தார்கள். தொடக்கத்தில் கூடுதலாயிருந்து, கப்பல் நிறுவனங்களின் எதிர்ப்புக்குப் பிறகு 2010 இல் 34 டொலர் 50 சதமாகக் குறைக்கப்பட்டது. அதிலிருந்து, கப்பல் தொடும் முதல் ஏழு துறைமுகங்களுக்கும் பயணிக்கு 5 டொலர் வீதம் பகிரப்படுகிறது. இறங்குதுறைக் கட்டணங்கள் வேறு. ஆனால் அந்தப் பணத்தையும் ஊர் தன் விருப்பப்படி செலவிட முடியாது. தலைநகர் ஜூனோ இப்படிச் சேர்ந்த பணத்தில் கரையோரப் பூங்காவுக்கும் செலவழித்தது என்று கப்பல் நிறுவனங்களின் சங்கம் 2016 இல் வழக்குப் போட்டது. கட்டணம் அறவிடலாம், ஆனால் கப்பலுக்குப் பயன்படும் சேவைக்கே செலவிட வேண்டும் என்று 2018 இல் தீர்ப்பாயிற்று. வீட்டுக்கு வந்த விருந்தாளி தரும் காசை அவர் நடந்து வரும் படிக்கட்டைத் திருத்த மட்டுமே பாவிக்கலாம், அடுப்பங்கரைக் கூரை ஒழுகினால் அது உங்கள் பாடு என்பதுதான் இதன் சாரம். சட்டப்படி அது சரியாக இருக்கலாம். நான் சட்டத்தரணி அல்லன்.

அதே ஜூனோ வேறொன்றும் செய்தது. நாளொன்றுக்கு ஐந்து பெரிய கப்பலுக்கு மேல் வேண்டாம் என்று நிறுவனங்களோடு பேசி 2024 இலிருந்து நடைமுறைப்படுத்தியது. 2026 இலிருந்து பயணிகளின் தொகைக்கும் வரம்பு வைக்க உடன்பாடு கண்டது: சனிக்கிழமைகளில் 12,000, ஏனைய நாட்களில் 16,000. சனிக்கிழமைகளில் கப்பலே வேண்டாம் என்ற யோசனையை 2024 ஒக்டோபரில் ஊராரே வாக்களித்துத் தோற்கடித்தார்கள். இதிலே யார் வென்றார் என்பது எனக்கு முக்கியமில்லை. கேள்வியை ஊர் கேட்டது, ஊர் விடை சொன்னது.

நான் திரும்பி வந்து மூன்று கிழமை செல்லவில்லை, ஆகஸ்ட் 25 ஆம் திகதி கெச்சிகனில் மலைச்சரிவு ஏற்பட்டு வீடுகள் உடைந்தன, ஒருவர் இறந்தார். இறந்தவர் மழைநீர் வடிகாலைப் பார்க்கப் போன நகரசபைத் தொழிலாளி என்று வாசித்தேன். 2014 இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் புதையுண்ட செய்தியை எழுதிய கைக்கு, மழை ஊறிய மலை என்ன செய்யும் என்று தெரியாமல் இருந்திருக்கக் கூடாது. ஆனால் அந்தக் காலை நானும் மழையை ஒரு வசதியீனமாகத்தான் எண்ணினேன். நான்கு கப்பலிலும் இருந்த ஆயிரக்கணக்கானோருக்கு அது கெட்டுப்போன ஒரு பொழுது. அங்கே குடை பிடிக்காமல் நடந்தவர்களின் தலைக்கு மேலேயோ அந்த மலை நின்றுகொண்டிருந்தது.

இதையெல்லாம் நான் எழுதுவதற்குக் காரணம் காங்கேசன்துறை. 2023 ஜூனில் சென்னையிலிருந்து புறப்பட்ட உல்லாசக் கப்பலொன்று அங்கே வந்தது. பயணிகள் இறங்கி யாழ்ப்பாணம் பார்த்துவிட்டுப் போனார்கள். அன்றைய படங்களில் மாலையும் மேளமும் இருந்தன, மகிழ்ச்சியும் இருந்தது. நானும் மகிழ்ந்தேன். அனுமதிப் பத்திரத்தோடு கப்பலேறிய துறையில் ஒருவர் கமெராவோடு இறங்குவதைப் பார்த்து மகிழாமலிருக்க முடியுமா? ஆனால் அந்தத் துறையைச் சூழ்ந்த ஊர்களின் மக்கள் 1990 இல் ஓடியவர்கள். பலர் கால் நூற்றாண்டுக்குப் பிறகே தம் வளவைக் கண்டார்கள். காணாமலே கண்மூடியவர்களும் உண்டு. துறைமுக வாசலில் முதலாவது கடை திறக்கப்படும்போது அது அவர்களுடையதாக இருக்குமா, அல்லது கோடையில் அலாஸ்காவிலும் மாரியில் கரீபியனிலும் கடை போடுபவருடையதாக இருக்குமா? பயணி ஒருவருக்கு இவ்வளவு என்று வலிகாமம் வடக்கு பிரதேச சபைக்கு நேரே ஒரு தொகை போகுமா, கொழும்பு வழியாகச் சுற்றி வருமா? கீரிமலையில் ஒரே நேரத்தில் எத்தனை பேருந்துகள் நிற்கலாம் என்பதை யார் தீர்மானிப்பார்? ஒரு கப்பல் வந்துபோகும் காலத்தில் இவற்றைக் கேட்டால் பேராசைக்காரன் என்பார்கள். நாலு கப்பல் வரிசையாக நிற்கும் காலத்தில் கேட்டால் காலம் கடந்துவிட்டது என்பார்கள். கெச்சிகன் இரண்டாவது நிலையில் இருக்கிறது. நாம் முதலாவதில்தான் இருக்கிறோம். பிரதேச சபை உறுப்பினர் எவராவது இதை வாசித்தால், அடுத்த கூட்டத்தில் இதை ஒரு பிரேரணையாகவேனும் வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அன்றைய நாளுக்குத் திரும்புகிறேன். பிற்பகல் மூன்றரைக்குள் எல்லோரும் கப்பலில் இருக்க வேண்டும். நான் மூன்றேகாலுக்குத் தொப்பலாக நனைந்து ஏறினேன். மகள் துவாயோடு நின்றாள். "சொன்னனான்தானே அப்பா" என்று தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டாள். காய்ச்சல் வரவில்லை. கப்பல் விலகும்போது மேல்தளத்தில் நின்று பார்த்தேன். நாங்கள் போய் முடியும் முன்னரே நகைக் கடைத் தெருவில் விளக்குகள் ஒவ்வொன்றாக அணையத் தொடங்கிவிட்டன. மலைப்பக்கத்து வீடுகளில் ஒன்றிரண்டு விளக்குகள் எரிந்தன.

நனைந்த பத்திரிகையை இரவுச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுபோய்க் கதிரை முதுகில் விரித்துக் காயவிட்டிருந்தேன். ஜாவாக்காரர் கண்டுவிட்டு, வாசித்து முடிந்ததும் தனக்குத் தர முடியுமா என்று கேட்டார். கொடுத்தேன். நாலாக மடித்துத் தட்டத்தின் கீழே வைத்துக்கொண்டு போனார். முப்பது தடவை வந்த ஊரிலே ஒரு பத்திரிகை வெளிவருவது அவருக்கு அன்றுதான் தெரியுமாம்.

மருமகன் அடுத்த ஆண்டு கரீபியன் போகலாம் என்கிறார். தன்சனைட் அங்கேயும் விற்கிறார்களாம்.